சோழமண்டலக் கரையின் பழம்பட்டினங்கள்

படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த வண்டியொன்றில் குடும்பத்தோடு ஏறி, ஊர் ஊராகச் சென்று வருவது மேனாட்டாரிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். இத்தகைய வண்டியைக் கேரவன் என்கிறோம். நம் நாட்டில் இச்சொல் பல ஆண்டுகள் சினிமா நடிகர்கள் இளைப்பாறும் வண்டியையே குறித்து வந்தது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் பயணத்திற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இன்று இவ்வண்டிகள் வாடகைக்கும் கிடைக்கின்றன. இரவுக்கு விடுதி தேடும் கவலை இல்லை என்பது இதன் சௌகரியம். ஆனால் இதன் சிறந்த பயன் வேறொன்று. வழியிலுள்ளவற்றை விட்டுவிடாமல், நின்று நிதானித்துக் காண இது இடம் தருகிறது. பழைய துறைமுகப் பட்டினங்களைக் காணச் செல்வோருக்கு இந்த நிதானம் இன்றியமையாதது. ஏனெனில் அப்பட்டினங்களின் சரித்திரம் கடற்கரையில் தொடங்குவதன்று, உள்நாட்டில் தொடங்குவது.

பெங்களூர்க் காக்ஸ் டவுனிலிருந்து இப்பயணத்தைத் தொடங்குவது ஒருவகையில் பொருத்தமானது. 1809ஆம் ஆண்டில் இங்கே கன்டோன்மென்ட் ஏற்பட்ட பின்னர், சென்னைப் படையைத் தொடர்ந்து சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கூலியாட்களாகவும் தமிழ் மக்கள் பலர் மலையேறி வந்தனர். அவர்கள் ஏறி வந்த திசையில் இன்று நாம் இறங்கிச் செல்கிறோம். நாம் புறப்படும் இடம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே உள்ளது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறும் நம்மைப் போலவே கிழக்கு நோக்கி இறங்குகிறது. கிருஷ்ணகிரியைக் கடந்து வாணியம்பாடியை அடைந்தால், ஆம்பூர், வேலூர் வழியாக அவ்வாறு நம் சாலைக்குத் துணையாக வருவதைக் காணலாம். ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகவே கிடந்தாலும், பாலாறு வளர்த்த நாடுதான் காஞ்சிபுரத்தையும் அதன் தறிகளையும் வளர்த்தது.

காஞ்சிபுரத்தில் சிறிது நேரம் வண்டியை நிறுத்துவது நன்று. கடற்கரையில் நாம் காணப்போகும் கோட்டைகளுக்கெல்லாம் காரணம் தறியில் நெய்த துணி. கிழக்கிந்தியத் தீவுகளின் மிளகையும் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்க வந்த ஐரோப்பியர், அத்தீவு மக்கள் பொன்னைக் காட்டிலும் தமிழகத்துப் பருத்தித் துணியையே விரும்பிப் பெறுவதைக் கண்டனர். ஆகவே நறுமணப் பொருளை நாடியவர்கள், முதலில் துணியைத் தேடி நம் கரைக்கு வரவேண்டியதாயிற்று. டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை அமைத்ததற்கும், டேனியர் 1620இல் தரங்கம்பாடியில் இடம் பெற்றதற்கும் இவ்வாணிகமே அடிப்படை.

பல்லவர் காலத்தில் காஞ்சிக்குத் துறைமுகமாக விளங்கியது மாமல்லபுரம். உலக மரபுச் சின்னமாக 1984இல் ஏற்கப்பட்ட இவ்வூரைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, அலை மணலை வாரிச் சென்ற இடத்தில் மறைந்திருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைப் பின்பற்றி அகழ்ந்தபோது, அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் பழைய முருகன் கோயில் ஒன்றின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. அந்த நாளில் எண்ணற்ற உயிர்களைக் கொண்ட கடலே, மறைந்த கோயிலொன்றையும் காட்டியது.

இங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் சதுரங்கப்பட்டினம் உள்ளது. டச்சுக்காரர் இதனைச் சத்ராஸ் என்றனர். கல்பாக்கம் அணுமின் நிலையத்திற்கு அருகே, சிதைந்த செங்கல் மதில்களுக்குள் கிடங்குகளும், எழுத்தும் சித்திரமும் செதுக்கிய கல்லறைகளும் கடலை நோக்கி இருக்கின்றன. மெல்லிய மஸ்லின் துணி இங்கிருந்து கப்பலேறியது. பாலாறு கடலில் கலக்கும் முகமும் இதற்குத் தெற்கே அண்மையிலேயே உள்ளது. நந்தி மலையருகே பிறந்த ஆற்றின் முடிவில் ஒரு துறை இருந்ததை இங்கே நேரில் அறிகிறோம்.

துறை என்று கூறினோம்; ஆனால் சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது அரிது. மணற்கரை நேராக நீண்டு கிடக்கிறது. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் மசூலாப் படகில் அலைகளைக் கடந்து செல்ல வேண்டும். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை; அலை மோதினால் உடையாது, வளைந்து கொடுக்கும். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் கப்பல்கள் கரையை விட்டு அகன்றுவிடும். 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படையை, எதிரி அல்ல, புயலே சிதைத்தது.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தாற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, இவ்வாணிகம் எவ்வளவு பழமையானது என்பதை உணர்த்தும். 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு நடத்திய அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. ஐரோப்பியக் கம்பெனிகள் தோன்றுவதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரை உலகோடு வாணிகம் செய்தது.

புதுச்சேரியில் வேறொரு பாடமும் உண்டு. இக்கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஓர் அலைதடுப்புச் சுவர் எழுப்பினால், அதன் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறத்தைக் கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா அகன்றதும், ராயபுரம் கரையை இழந்ததும் இவ்வாறுதான். 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்களுக்குப் பின், புதுச்சேரி நகரின் மணற்கரையும் மெல்ல மறைந்து, கற்குவியலே கரையாயிற்று. பின்னர் மணலை மீட்க முயற்சிகள் நடந்தன. ஓரிடத்தில் நாம் செய்யும் நன்மை மற்றோரிடத்திற்குத் தீமையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியே சென்றால் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதித்த இடத்தில் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இவ்வூரில்தான். 1845இல் டேனியர் இதனை ஆங்கிலேயருக்கு விற்றனர். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து உள்நாட்டிற்கு ரயில் ஓடத் தொடங்கியதும், சரக்கு அங்கே சென்றது, தரங்கம்பாடி அமைதியடைந்தது. கோட்டைக்கு அருகே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதி அலைகளுக்கு இரையாகிவிட்டது. எஞ்சியதைக் கருங்கற்கள் காத்து நிற்கின்றன.

காரைக்காலைக் கடந்தால் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய அரசர் ராஜராஜன் காலத்தில் இங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாக அளிக்கப்பட்டது. இதனைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. விகாரத்தின் எஞ்சிய கோபுரத்தையோ 1867இல் இடித்துவிட்டனர். கடல் அழித்ததோடு மனிதர் அழித்ததும் உண்டு.

இப்பயணத்திற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வரக்கூடும். கேரவன் உயரமான வண்டியாதலால், நகரத்து மரக்கிளைகளையும் தாழ்ந்த பாலங்களையும் கவனித்து ஓட்ட வேண்டும். மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். இரவில் தங்குமுன் அவ்வூராரிடம் கேட்டு இடம் பெறுவது முறை. மீனவர் வலை உலர்த்தும் இடம் அவர்களுடைய தொழிற்கூடம். அங்கே வண்டியை நிறுத்துவதோ, கழிவு நீரைத் திறந்துவிடுவதோ கூடாது. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலால், திரும்பியதும் வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது அவசியம்.

இப்பட்டினங்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தன் வாழ்வு நிலைத்தது என்று நம்பியிருந்தன. ஆறு தூர்ந்தது, ரயில் வேறு வழி சென்றது, தறிகள் ஓய்ந்தன, கரை தேய்ந்தது. இவற்றுள் கடலின் செயல் சிலவே. மனிதர் எடுத்த முடிவுகளே பல. எஞ்சியுள்ள மதிலும் கோயிலும் கல்லறையும் நிற்பதும் வீழ்வதும் இனி நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தவை. கண்டறியாத பொருளைக் காக்க எவரும் முன்வருவதில்லை. ஆதலால் முதலில் சென்று காண்போம். விரைந்து கடந்துவிடாமல், நின்று காண்போம்.