வில்லைத் துளையும் படக் கூர்மையும்

ஒளிப்படக் கருவியின் வில்லை (லென்ஸ்) வழியே செல்லும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் திறப்பு வில்லைத் துளை அல்லது அப்பெர்ச்சர் எனப்படும். இது படத்தின் வெளிச்சத்தை மட்டுமன்றிக் கூர்மையையும் மாற்றுகிறது. பெரும்பாலான வில்லைகள் மிகப் பெரிய துளைக்கும் மிகச் சிறிய துளைக்கும் இடைப்பட்ட அளவிலேயே மிகக் கூர்மையான படத்தைத் தருகின்றன.

எஃப் எண்

வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். 50 மி.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையில் எஃப்/2 என்பது 25 மி.மீ. துளை, எஃப்/8 என்பது 6.25 மி.மீ. துளை. எனவே எண் கூடும்போது துளை சிறுக்கிறது.

பெரிய துளையின் குறை

கோளப் பரப்புடைய வில்லையின் மையம் வழியாகவும் ஓரம் வழியாகவும் செல்லும் கதிர்கள் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இது கோளப் பிறழ்ச்சி எனப்படும். துளை சிறுக்கும்போது ஓரக் கதிர்கள் தடுக்கப்படுகின்றன. துளையின் விட்டம் பாதியானால், இப்பிறழ்ச்சியால் உண்டாகும் மங்கல் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிறது. ஆனால் படத்தின் மூலைகளில் வண்ணக் கோடுகளாகத் தெரியும் பக்கவாட்டு நிறப் பிறழ்ச்சி, துளையைச் சிறிதாக்கினாலும் மறைவதில்லை.

சிறிய துளையின் குறை

ஒளி அலையாதலால் துளையின் விளிம்பில் வளைந்து பரவுகிறது. இது விளிம்பு விளைவு. இதனால் ஒரு புள்ளியின் பிம்பம் சிறு வட்டத் தட்டாக விரிகிறது. ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி 1835-இல் இத்தட்டின் அளவைக் கணித்தார். பச்சை ஒளிக்கு இதன் விட்டம் எஃப்/8-இல் சுமார் 0.011 மி.மீ.; எஃப்/22-இல் சுமார் 0.03 மி.மீ. 36 மி.மீ. அகலத்தில் 6000 படப்புள்ளிகள் கொண்ட உணரியில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.006 மி.மீ. மட்டுமே. ஆகவே எஃப்/22-இல் ஒரு புள்ளியின் ஒளி ஏறத்தாழ ஐந்து படப்புள்ளிகளின் அகலத்துக்குப் பரவுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த வில்லையாலும் இதைத் தவிர்க்க முடியாது.

இடைப்பட்ட நிலை

துளை சிறுக்கச் சிறுக்க முதற் குறை தேய்கிறது, இரண்டாவது வளர்கிறது. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் இடமே வில்லையின் மிகக் கூர்மையான நிலை. பொதுவாக இது பெரிய துளையிலிருந்து இரண்டு, மூன்று படிகள் தள்ளி அமையும். எஃப்/2 வில்லையில் அது எஃப்/4 அல்லது எஃப்/5.6 ஆகும்.

புல ஆழமும் எஃப்/64 குழுவும்

அருகிலுள்ள பொருள் முதல் தொலைவிலுள்ள பொருள் வரை எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பது புல ஆழம். துளை சிறுத்தால் இது கூடும். கூர்மையும் புல ஆழமும் ஒன்றல்ல. 1932-இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலிய அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் தொடங்கிய குழு, எஃப்/64 என்றே பெயர் சூட்டிக்கொண்டது. அவர்கள் பயன்படுத்திய பெரிய கருவிகளுக்கு அது பொருந்தியது. எஃப்/64-இல் ஒளித்தட்டு சுமார் 0.086 மி.மீ. ஆகும். 8×10 அங்குலப் படச்சுருளைப் பெரிதாக்காமல் அப்படியே அச்சிட்டால், அந்த மங்கல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. 36 மி.மீ. அகலப் படத்தை அதே அளவுக்கு ஏழு மடங்கு பெரிதாக்கினால் மங்கல் 0.6 மி.மீ. ஆகிவிடும். எனவே ஒரு கருவிக்கு ஏற்ற எஃப் எண் மற்றொன்றுக்கு ஏற்றதாக இராது.

சோதித்தறிதல்

முக்காலியில் கருவியைப் பொருத்தி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை ஒவ்வோர் எஃப் எண்ணிலும் படமெடுத்து, மையத்தையும் மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிட்டால் ஒரு வில்லையின் சிறந்த துளையைக் கண்டறியலாம். குறைந்த ஒளியில் கருவியைக் கையில் பிடித்துப் படமெடுக்கும்போது இந்த முடிவு எப்போதும் உதவாது. சிறிய துளை நீண்ட ஒளிபடு நேரத்தைக் கேட்பதால் கை நடுக்கமே படத்தைக் கெடுக்கும். அங்கு பெரிய துளையே கூர்மையான படத்தைத் தரும்.