உஷார்! 'நோய் வராத தென்னங்கன்று' என்றால் உடனே வாங்கிவிடாதீர்கள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களே! வேர் வாடல் நோய் வந்த மரத்தை வெட்டிய இடத்தில் புதுக் கன்று வைக்கப் போகிறீர்களா? கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நெல்லோ சோளமோ தப்பிப்போனால் ஒரு போகத்தோடு நட்டம் முடிந்துவிடும். தென்னை அப்படியல்ல. குட்டை ரகம் பாளை விட மூன்று நான்கு வருடம், நெட்டை ரகம் என்றால் ஆறேழு வருடம். வைத்த கன்று தப்பு என்று தெரியவரும்போது அத்தனை வருடத் தண்ணீரும் உரமும் கூலியும் போயிருக்கும்.

இந்த நோயை இளக்காரமாக நினைக்காதீர்கள். 1882-இல் கேரளாவின் ஈராற்றுப்பேட்டையில் முதலில் தென்பட்டது. இன்றுவரை அங்கே ஒழியவில்லை. 1984-இல் எடுத்த கணக்கெடுப்பில் கேரளாவின் இழப்பு ஆண்டுக்கு 96.8 கோடி தேங்காய் என்று தெரிந்தது. செங்கோட்டையும் கம்பமும் ஏற்கெனவே அடிபட்டன. இப்போது பொள்ளாச்சியின் தோப்புகளில் மரத்தை வெட்டும் ரம்பச் சத்தம் கேட்கிறது.

காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். ஓலையில் தயாராகும் சத்தை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்களில்தான் அது குடியிருக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் சாற்றை உறிஞ்சி மரத்துக்கு மரம் பரப்புகின்றன. டெட்ராசைக்கிளின் வகை மருந்தை மரத்துக்குள் செலுத்திப் பார்த்த ஆராய்ச்சிகளில் நோய் கொஞ்ச நாள் தணிந்தது, பிறகு திரும்பி வந்தது. ஆகவே 'வேரில் மருந்து கட்டி முழுசாகக் குணப்படுத்துகிறோம்' என்று யாராவது வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

குணப்படுத்த முடியாது என்பதால்தான் எல்லோரும் எதிர்ப்புத் திறன் உள்ள கன்றைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட ரகங்கள் உண்மையாகவே இருக்கின்றன. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் காயங்குளம் நிலையத்தில் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் இதற்காக உழைத்தார்கள். சுற்றிலும் எல்லா மரமும் நோயில் கிடக்க, நடுவே திடமாகக் காய்த்து நிற்கும் மரங்களைத் தேடிப் பிடித்தார்கள். ஊநீர்ச் சோதனையில் நோய்க்கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே தாய் மரமாக எடுத்தார்கள். அப்படி வந்தவைதான் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, இவற்றோடு கல்பசங்கரா என்ற வீரிய ஒட்டு.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். ஒரு தாய் மரம் வருடத்துக்கு நூறு காய் கொடுத்தாலே பெரிது. வீரிய ஒட்டு என்றால் ஆள் மரமேறி, ஆண் பூவை நீக்கி, மகரந்தம் தூவ வேண்டும். வாழையைப் போல ஆய்வகத்தில் லட்சக்கணக்கில் பெருக்கும் முறை தென்னையில் இன்னும் விவசாயி கைக்கு எட்டவில்லை. ஆகவே உண்மையான கன்று எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும், கேட்பவர்களோ ஆயிரக்கணக்கில். இந்த இடைவெளியில் எந்தக் கன்றுக்கும் 'நோய் எதிர்ப்பு' என்று பெயர் சூட்டி விற்றுவிட முடியும். எதிர்ப்புத் திறன் கன்றின் முகத்தில் எழுதியிருக்காது. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

எந்த நோய்க்கு எதிர்ப்பு? தஞ்சாவூர் வாடல் வேறு, கேரளா வேர் வாடல் வேறு. முன்னது கானோடெர்மா பூஞ்சையால் வருவது. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும். பின்னதில் ஓலைக் கீற்றுகள் உள்பக்கம் வளைந்து விலா எலும்பு போலத் தெரியும். ஓரம் கருகும், குரும்பை கொட்டும், பருப்பு மெலியும். ஒன்றைத் தாங்கும் மரம் மற்றதைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

தாய் மரம் எங்கே? ரகத்தின் பெயரும் தாய்த்தோப்பும் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். விதை விற்பனை உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரகத்தின் பெயர் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வீரிய ஒட்டு மரத்தில் விழுந்த காயை முளைக்க வைத்ததா? அப்படியானால் வேண்டாம். அந்தக் கன்றுகள் ஒன்றுபோல் வராது. தாயின் குணம் சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது.

கன்று திடமாக இருக்கிறதா? ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம், குறைந்தது ஆறு இலை, கழுத்துப் பகுதியில் 10 செ.மீ. சுற்றளவு. இது வீரியத்துக்கான அளவுகோல் மட்டுமே. கொழுத்த கன்று நோயையும் தாங்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

உண்மையான கன்றே கிடைத்தாலும் அசந்துவிடாதீர்கள். எதிர்ப்புத் திறன் என்றால் நோய் அறவே வராது என்று பொருளல்ல. குறைவாக வரும், வந்தாலும் மகசூல் தாங்கும். அந்தத் திறனும் என்றைக்கும் நிலைக்கும் என்று எண்ணாதீர்கள், கரும்பில் நடந்ததைப் பாருங்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009-இல் வெளியான கோ 0238 கரும்பு, உத்தரப் பிரதேசத்தின் கரும்புக் காடுகளில் பெரும்பகுதியைப் பிடித்தது. சர்க்கரையும் மகசூலும் அள்ளிக் கொடுத்தது. எங்கும் அந்த ஒரே ரகம் நின்றதால் செவ்வழுகல் பூஞ்சை அதற்கேற்ப மாறிக்கொண்டு காடு காடாக அழித்தது. ஒரே ரகத்தை நம்பித் தோப்பு முழுக்க நிரப்பினால் தென்னைக்கும் அந்த ஆபத்து உண்டு. இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து நடுங்கள்.

இன்னொன்று முக்கியம். வருடத்துக்குப் பத்துக் காய்கூடக் கொடுக்காத நோய் மரத்தையும், காய்ப்புக்கு வராமலே நோய் கண்ட இளங்கன்றையும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். நிற்கும் வரை அது பக்கத்து மரத்துக்கெல்லாம் நோய் கொடுக்கும். ஆரம்ப நிலையில் உள்ள மரங்களுக்கு வருடம் 50 கிலோ தொழுவுரம், மண் பரிசோதனைப்படி உரம், அரைக் கிலோ மக்னீசியம் சல்பேட் கொடுங்கள். வட்டப் பாத்தியில் சணப்பு விதைத்து மடக்கி உழுங்கள். நோய் போகாது, மரம் இன்னும் சில வருடம் காய் கொடுக்கும்.

கன்று நடும் பட்டம் ஆனி ஆடியிலும், மார்கழி தையிலும் வரும். அதற்கு முன்பே ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, தளியில் உள்ள தென்னை வளர்ச்சி வாரியப் பண்ணைக்கோ போய்ப் பதிவு செய்யுங்கள். கன்று வரத் தாமதமானால் ஒரு பட்டம் பொறுத்திருங்கள், நட்டமில்லை. ஊரில் நாலு பேர் சேர்ந்து வேளாண் அலுவலரை அழைத்து வந்து, எல்லாத் தோப்பிலும் ஒரே சமயத்தில் நோய் மரங்களை அடையாளம் வைத்து வெட்டுங்கள். பூச்சிக்கு வரப்பு தெரியாது. உங்கள் தோப்பை மட்டும் சுத்தம் செய்து, பக்கத்துத் தோப்பை அப்படியே விட்டால் எந்த ரகமும் உங்களைக் காப்பாற்றாது.