பச்சையைத் தேடும் செல்லப்பிராணிகள்

பூனை முழு ஊனுண்ணி. அதன் பற்களும் குறுகிய குடலும் இறைச்சிக்கென்றே அமைந்தவை. ஆயினும் வீட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை தளிரையோ புல்லையோ கண்டால் மெல்லாமல் விடுவதில்லை. நாய்களிடமும் இப்பழக்கம் உண்டு. உடல்நலம் கெட்ட விலங்குதான் வாந்தியெடுப்பதற்காகப் புல்லைத் தேடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு மாறாக, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் வளர்ப்போரிடம் கேட்டறிந்தபோது, தின்பதற்கு முன் நோய்க்குறி காட்டியவையும் தின்றபின் வாந்தியெடுத்தவையும் சிறுபான்மை என்றே தெரியவந்தது. குடற்புழுக்களை வெளியேற்ற உதவிய புல்நாரை நாடும் இயல்பு காட்டு மூதாதையரிடமிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆகவே அதட்டுவதால் பயனில்லை. ஆள் இருக்கும்போது தின்னக்கூடாது என்பதை மட்டுமே அது விலங்குக்குக் கற்பிக்கிறது.

தடுப்பதைவிட, தின்பதற்கென்றே ஒரு தொட்டியை ஒதுக்குவது எளிது. ஓரிரவு ஊறவைத்த கோதுமையை ஆழமற்ற தட்டில் நெருக்கமாக விதைத்தால், பத்து நாட்களுக்குள் பூனைக்கு எட்டும் உயரத்தில் பயிர் எழும். பூச்சிமருந்து படாத அருகம்புல்லும் அவ்வாறே உதவும்.

தின்னத்தகாதவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது, தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் மணிபிளாண்ட். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி வடிவப் படிகங்களாக அடைந்திருப்பதால், இலையைக் கடித்தவுடன் அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. கருணைக்கிழங்கு நறுக்கியவர் கை அரிப்பதும், புளி சேர்க்காத குழம்பு தொண்டையைக் காறுவதும் இதே வகைப் படிகங்களால்தான். வாயில் எச்சில் ஒழுக விலங்கு தவித்தாலும், இதனால் உயிரிழப்பு நேர்வது அரிது. பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியோ வேறு வகை: அதன் இலையைக் கடித்தாலும், உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஓரிரு நாட்களில் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். பூனை வளரும் வீட்டில் லில்லிக்கு உயரமான அலமாரிகூடப் பாதுகாப்பான இடமன்று. அதை வாசலோடு நிறுத்துவதே முறை. பனையைப் போலத் தோன்றும் சைகஸின் விதை நாயின் கல்லீரலைக் கெடுக்கவல்லது.

நாற்றுகளின் நிலை வேறு. குழித்தட்டில் முளைத்த கத்தரியும் மிளகாயும் தின்னப்பட்டு அழிவதைக் காட்டிலும், தோண்டப்பட்டு அழிவதே மிகுதி. ஏனெனில் ஈரமும் தளர்வுமான தென்னை நார்க்கழிவைப் பூனை தன் கழிப்பிடமாகக் கருதுகிறது. கோழிவலையை வளைத்து மூடுவதும், பெரிய தொட்டிகளில் பூனையால் புரட்ட முடியாத கூழாங்கற்களைப் பரப்புவதும் போதுமானவை. மிளகாய்த்தூள் தூவும் வழக்கம் கைவிடத்தக்கது. பாதத்தில் ஒட்டிய தூள், விலங்கு முகத்தைத் துடைத்துக்கொள்ளும்போது கண்ணுக்குள் செல்கிறது. ஆரஞ்சுத் தோலின் மணத்தைப் பூனைகள் பொதுவாக வெறுக்கின்றன என்றாலும், அதற்கு மாற்றாக வாசனை எண்ணெயைத் தெளிக்கக்கூடாது. அவ்வகை எண்ணெய்கள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

செடியைக் காப்பதில் காட்டும் கவனத்தை மாடித்தோட்டக்காரர்கள் உரத்தில் காட்டுவதில்லை. எலும்புத்தூளின் வாடை நாயைத் தொட்டிக்கு இழுக்கிறது. அதனுடன் கலந்த ஆமணக்குப் புண்ணாக்கில், எண்ணெய் பிழிந்த பின்னும் எஞ்சி நிற்கும் ரைசின் என்னும் கொடிய புரதநஞ்சு, முறையாக வெப்பமூட்டி அழிக்கப்படாவிட்டால், நாயைக் கொல்லவும் வல்லது. நாய் உள்ள வீட்டில் மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ போதும்.

நஞ்சுச் செடியைத் தின்றதாக ஐயம் எழுந்தால் உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது தவறு. மிகையான உப்பே மற்றொரு நஞ்சாகும். வாயில் எஞ்சிய இலைத்துணுக்கை அகற்றி, கடிபட்ட கிளையொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். லில்லியைத் தின்ற பூனைக்கு அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கக்கூடாது.