செல்லப் பிராணிக்கு இறுதி விடை

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் குடியிருப்புப் பகுதியில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. நாய்கள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழும். முதுமையோடு தீராத நோயும் சேர்ந்தால், மருந்தாலும் வலி தணியாத நிலை ஏற்படலாம். அப்போது கால்நடை மருத்துவர் ஊசி மூலம் அதனை வலியின்றி இறக்கச் செய்வார். இதைக் கருணைக்கொலை என்பர்.

இம்முடிவை எடுப்பது எளிதன்று. நாய் உண்கிறதா, நீர் அருந்துகிறதா, தானே எழுந்து நடக்கிறதா என்பதை நாள்தோறும் குறித்து வைக்கலாம். நல்ல நாள்களைவிடத் துன்ப நாள்கள் மிகுந்தால், அக்குறிப்புடன் மருத்துவரை நாட வேண்டும். வாலை ஆட்டுவதால் மட்டும் வலி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நோயுற்ற நாயைத் தெருவில் விடுவதும் தீர்வாகாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்குத் தண்டனை விதிக்கிறது.

பெரும்பாலும் மருத்துவர் முதலில் நாயை அமைதிப்படுத்தும் மருந்தைத் தருவார். பின்னர், முன்னங்காலில் உள்ள இரத்த நாளத்தின் வழியே பெந்தோபார்பிட்டால் என்னும் மயக்க மருந்தை மிகுதியாகச் செலுத்துவார். நாய் சில நொடிகளில் நினைவிழக்கும். அதன்பிறகே மூச்சும் இதயத் துடிப்பும் சில நிமிடங்களில் நிற்கும். ஆகவே, அது வலியை உணர்வதில்லை. கண்கள் மூடாமல் இருக்கலாம், தசைகள் துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். இறந்த பின்னும் ஓரிரு முறை மூச்சு விடுவது போல் தோன்றலாம். இவை வலியின் அறிகுறிகள் அல்ல. மருத்துவர் இதயத் துடிப்பைச் சோதித்த பிறகே இறப்பை உறுதிசெய்வார்.

உடன் இருப்பதா, வெளியே காத்திருப்பதா என்பது அவரவர் விருப்பம். எனினும், பழகிய குரலும் தொடுதலும் நாயின் அச்சத்தைக் குறைக்கும். வீட்டிலுள்ள சிறுவர்களிடம் “நாய் தூங்கிவிட்டது” என்று கூறினால், அவர்கள் உறங்கவே அஞ்சக்கூடும். அது இறந்துவிட்டது, இனி வராது என்று அன்போடு எடுத்துரைப்பதே நல்லது.

உடலைத் தகனம் செய்யலாம். புதைப்பதாயின், பிற விலங்குகள் தோண்ட முடியாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். உடலில் எஞ்சிய மருந்து, அதனைத் தின்னும் விலங்குகளையும் கொல்லக்கூடியது.

பிறகு பல நாள்கள் துயரமும் குற்றவுணர்வும் எழலாம். இவை இயல்பானவை. வீட்டார் மனம்விட்டுப் பேசினால் அப்பாரம் குறையும். நீங்காத வலியிலிருந்து நாயை விடுவித்ததும் வளர்த்தவரின் கடமைகளுள் ஒன்றே.