போர்த்துகல் கடற்கரையில் ஆபத்து நேர்ந்தால்...

போர்த்துக்கீசியர் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1511ஆம் ஆண்டில் அவர்கள் மலாக்காவைப் பிடித்த கதைதான். அன்று அவர்கள் இங்கே வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். மேற்படிப்புக்குப் போகிறவர்கள், கப்பலில் வேலை பார்க்கிறவர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எனப் பலர். புறப்படும் பிள்ளைக்கு ஊறுகாயும் மிளகாய்த்தூளும் மறக்காமல் கட்டிக் கொடுக்கிறோம். ஓர் ஆபத்து என்றால் அங்கே யாரைக் கூப்பிடுவது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டாமா?

போர்த்துகலின் தென்கோடியில் அல்கார்வ் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கும் அழகிய நகரம் லாகோஸ். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டிலும் இதே பெயரில் ஒரு பெருநகர் உண்டு. அது வேறு, இது வேறு. நாம் லாகோஸை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்நாட்டின் மற்றக் கடலோர நகரங்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஓர் எண்

மலேசியாவில் எந்த ஆபத்துக்கும் 999. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. போர்த்துகலில் எல்லாவற்றுக்கும் ஒரே எண் 112. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்துக்கும் இதுவே பொது எண். இதற்குக் காசு இல்லை. நிதானமாக ஆங்கிலத்தில் பேசலாம். இருக்கும் இடம், நடந்தது என்ன, எத்தனை பேருக்கு அடி என்ற மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும்வரை தொலைபேசியை வைத்துவிடக் கூடாது. உடல்நலக் கோளாறு என்றால், போலீசார் அழைப்பை மருத்துவ அவசரப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு 112 வேண்டாம். அரசாங்க சுகாதார ஆலோசனை எண் 808 24 24 24. விஷப் பொருளை விழுங்கிவிட்டால் கேட்க வேண்டிய எண் 800 250 250. சிறு உபாதைக்குப் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடையே போதும். அதை அங்கே ‘ஃபார்மாசியா’ என்பார்கள். இரவில் எல்லாக் கடைகளும் திறந்திருப்பதில்லை. முறை போட்டுத் திறந்து வைப்பார்கள். அன்றைய முறை எந்தக் கடைக்கு என்ற விவரம் மூடிய கடையின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும்.

கொடியைப் பார்த்து இறங்குங்கள்

நாம் தினமும் சொல்லும் ஜன்னல், சாவி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்களிலிருந்து வந்தவை. மலாய் மொழியில் கொடிக்குப் ‘பெண்டேரா’ என்கிறோம் அல்லவா? அதுவும் அவர்களுடைய ‘பண்டெய்ரா’தான். அந்தக் கொடிதான் கடற்கரையில் உயிரைக் காப்பது.

பச்சைக் கொடி பறந்தால் நீந்தலாம். மஞ்சள் பறந்தால் கரையோரம் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்புப் பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி என்றால், உயிர்காப்பாளர் அந்த நேரத்தில் அங்கு இல்லை என்று பொருள். முழு நீல நிறக் கொடியைக் கண்டு சிலர் ஏமாந்து விடுவார்கள். அது கடற்கரையின் தூய்மைக்கும் வசதிக்கும் கொடுக்கும் விருதுக் கொடி. கடல் அன்று அமைதியாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. உயிர்காப்பாளர்கள் பெரும்பாலும் கோடை மாதங்களில்தான் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அட்லாண்டிக் தண்ணீர் நம் போர்ட்டிக்சன் தண்ணீரைப் போன்றதன்று. குளிர் உடலை விறைக்க வைக்கும். இழுநீரோட்டம் கடலுக்குள் இழுத்தால், அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. களைப்புதான் ஆளை மூழ்கடிக்கிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு நின்றதும் கரை திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

பாறை நிழல் வேண்டாம்

லாகோஸின் அழகே அதன் மஞ்சள் நிறச் செங்குத்துப் பாறைகள்தான். டோனா ஆனா கடற்கரைக்கும் பியதாடே முனைக்கும் கூட்டம் வருவது அவற்றைப் பார்க்கத்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்புப் பாறை மழையாலும் அலையாலும் அரிக்கப்பட்டுத் திடீரென்று சரியும். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள், இதே அல்கார்வின் அல்புஃபெய்ரா பகுதியில் மரியா லுயிசா கடற்கரையில் பாறை சரிந்து 5 பேர் மாண்டனர். வெயிலுக்கு ஒதுங்குவோம் என்று பாறை அடியில் பாய் விரிக்கக் கூடாது. பாறையின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி உட்கார வேண்டும். 20 மீட்டர் பாறை என்றால் 30 மீட்டர் தள்ளி. ‘பெரிகு’ என்று பலகையில் எழுதியிருந்தால் அபாயம் என்று பொருள். மேலே நின்று படம் எடுப்பவர்களும் விளிம்புக்குப் போகக் கூடாது.

நிலம் அதிர்ந்தால்

1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் லிஸ்பனை அழித்தது. பின்னாலேயே கடல் பொங்கி வந்தது. அப்போது அல்கார்வின் தலைநகராக இருந்த லாகோஸும் நாசமானது. 2004 டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறக்கவில்லை. நம் பினாங்கு, கெடா கரைகளிலும் 60க்கு மேற்பட்டோர் மாண்டார்களே. ஆகவே கடலோரத்தில் நிலம் பலமாக, நீண்ட நேரம் அதிர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

யார் எந்த வேலைக்கு?

நகரத்துக்குள் திருட்டு, அடிதடி என்றால் பி.எஸ்.பி. போலீஸ். கிராமப்புறத்தில் ஜி.என்.ஆர். கடற்கரைக்கும் துறைமுகத்துக்கும் தனியாகக் கடல் போலீஸ் உண்டு. தீயணைப்புப் படைக்கு நாம் ‘பொம்பா’ என்கிறோம், அவர்கள் ‘பொம்பெய்ருஷ்’ என்கிறார்கள். இவர்களில் பலர் தொண்டர்கள். ஆம்புலன்சும் ஓட்டுவார்கள். உதவி கேட்டுக் கத்த வேண்டுமானால் ‘சுக்கோரு!’ என்று கத்தலாம்.

லாகோஸில் பொது மருத்துவமனை இருக்கிறது. கடுமையான நோயாளிகளைப் பக்கத்து நகரான போர்த்திமாவோவின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அவசரப் பிரிவில் வரிசைப்படி பார்ப்பதில்லை. நோயின் கடுமையைப் பார்த்துக் கையில் நிறப்பட்டை கட்டுவார்கள். சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்கு அடுத்து, பிறகு மஞ்சள், பச்சை, நீலம். பின்னால் வந்தவர் முன்னால் போகிறாரே என்று சண்டை போட வேண்டாம். ஆனால் காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் தாதியிடம் உடனே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நம் பிள்ளைகள் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்குவார்கள். வண்டியோ இடப்பக்கமிருந்து வரும். ஆகவே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

புறப்படும் முன்

பெற்றோர்களே, கடப்பிதழின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைப் பிள்ளையின் பெட்டியில் வையுங்கள். கடப்பிதழ் தொலைந்தால் முதலில் போலீசில் புகார் எழுதி, அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லா ஊரிலும் நம் தூதரகம் இருப்பதில்லை. எந்தத் தூதரகத்தை நாடுவது என்பதை மலேசியர்கள் விஸ்மா புத்ராவிலும் சிங்கப்பூரர்கள் தங்கள் வெளியுறவு அமைச்சிலும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டாருக்கு மருத்துவச் செலவு நம் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக் கூடும். எனவே மற்ற எதில் சிக்கனம் செய்தாலும் பயணக் காப்புறுதியில் சிக்கனம் வேண்டாம். பிள்ளை உண்ணும் மருந்தின் பெயரும், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிப் பணப்பையில் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்தோ அடுத்த வீட்டிலிருந்தோ ஒரு பிள்ளை அந்தக் கரைக்குப் புறப்படும் நாளில் கையில் கொடுங்கள். 112 என்ற எண்ணை மட்டும் அதற்கு முன்பே மனப்பாடம் செய்ய வையுங்கள்.