நல்ல காய் எங்கே கிடைக்கும்? ஜலகண்டாபுரம் உழவர் சந்தையில் பதில் இருக்கிறது

வாடாத காய், பழுக்க வைக்காத பழம், சரியான எடை. காய்கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் எல்லோரும் தேடுவது இந்த மூன்றையும்தான். மேட்டூர், எடப்பாடி, தாரமங்கலம், நங்கவள்ளி ஆகிய ஊர்களுக்கு நடுவே இருக்கும் ஜலகண்டாபுரத்தில் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் அதிகம். காலையில் தறியில் உட்காருவதற்கு முன் அன்றைய சமையலுக்குக் காய் வாங்கியாக வேண்டும். ஊரைச் சுற்றி நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கோ, பறித்த காய் வாடும் முன் விற்றாக வேண்டும். இருவரையும் நேருக்கு நேர் சேர்த்து வைக்கும் இடம் உழவர் சந்தை.

அந்தச் சந்தையை நம்பி மக்கள் தொடர்ந்து வருவார்களா என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்வதில்லை. கடை போடும் விவசாயி எந்தக் காயை, எப்போது பறித்து, எப்படிக் கொண்டு வருகிறார் என்பதில்தான் அது இருக்கிறது.

1999-ல் தொடங்கிய திட்டம்

இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரடியாக விற்கும் சந்தைகளை, 1987-ல் பஞ்சாப் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் தொடங்கியது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் ‘ரைத்து பஜார்’ வந்தது. தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் மு.கருணாநிதி திறந்து வைத்தார். 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் பல சந்தைகள் களை இழந்தன. 2006-க்குப் பிறகு அவற்றுக்கு மீண்டும் உயிர் வந்தது. இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் உள்ளன.

சேலம் மாநகரில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, தாதகாப்பட்டி ஆகிய இடங்களில் சந்தை உண்டு. வெளியே ஜலகண்டாபுரம், மேட்டூர், எடப்பாடி, இளம்பிள்ளை, ஆத்தூர், தம்மம்பட்டி முதலிய ஊர்களிலும், நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், பரமத்தி வேலூர் ஆகிய ஊர்களிலும் இருக்கிறது.

விலை எப்படி வைக்கிறார்கள்?

உழவர் சந்தையில் கடைக்கு வாடகை கிடையாது. தராசும் இலவசம். காலையில் மொத்த விலையையும் வெளிக்கடை சில்லறை விலையையும் விசாரித்து, அன்றைய விலையைப் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

உதாரணத்துக்குத் தக்காளியை எடுத்துக்கொள்வோம். மண்டியில் கிலோ 20 ரூபாய், வெளிக்கடையில் 30 ரூபாய் என்றால், உழவர் சந்தையில் 24 ரூபாய் அளவில் இருக்கும். நீங்கள் 40 கிலோ கொண்டு போகிறீர்கள். மண்டியில் 800 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் என்றால் 80 ரூபாய், வண்டிச் செலவு 40 ரூபாய் போகக் கையில் நிற்பது 680 ரூபாய். உழவர் சந்தையில் 40 கிலோவும் விற்றால் 960 ரூபாய். வண்டிச் செலவு போக 920 ரூபாய். ஒரு காலைக்கு 240 ரூபாய் கூடுதல்.

ஆனால் 10 கிலோ விற்காமல் தங்கிவிட்டால்? 30 கிலோவுக்கு 720 ரூபாய், வண்டிச் செலவு போக அதே 680 ரூபாய்தான். பாதி நாள் உட்கார்ந்த கூலியும் போச்சு. ஆகவே உழவர் சந்தையில் லாபம் என்பது விலையில் பாதி, காய் மிச்சமில்லாமல் விற்பதில் பாதி.

ஒரே காய் வேண்டாம்

ஏக்கர் கணக்கில் தக்காளி போட்டவருக்கு உழவர் சந்தை மட்டும் போதாது. அவருக்கு மண்டியும் வேண்டும். ஆனால் 10 சென்ட், 20 சென்ட் என்று பிரித்துப் பல காய் போடும் சிறு விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான சந்தை இல்லை. வாங்க வருபவருக்கு 40 கிலோ தக்காளி தேவையில்லை. ஒரு கிலோ தக்காளி, அரை கிலோ கத்தரி, கால் கிலோ வெண்டை, ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் பச்சை மிளகாய் வேண்டும். ஐந்து வகை வைத்திருப்பவரின் கடை சீக்கிரம் காலியாகும்.

அதற்கு விதைப்பிலேயே திட்டம் வேண்டும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். நான்கு பாத்தி எடுத்து வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால், எப்போதும் ஒரு பாத்தி பறிப்பில் இருக்கும். வெண்டை விதைத்த 45 நாள் அளவில் காய்க்கத் தொடங்கும். முழு இடத்திலும் ஒரே நாளில் விதைக்காமல், இரண்டாகப் பிரித்து 20 நாள் இடைவெளி விட்டு விதைக்கலாம். பந்தல் இருந்தால் புடலை, பீர்க்கன், பாகல் என்று கலந்து ஏற்றலாம். வரப்போரம் நாலு முருங்கையும் ஒரு எலுமிச்சையும் இருந்தால் கடைக்கு இன்னும் இரண்டு வகை சேரும்.

பறிப்பில்தான் தரம்

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். தள்ளிப்போனால் நார் விழும். நுனியை ஒடித்துப் பார்க்கும் அம்மா அடுத்த கடைக்குப் போய்விடுவார். கத்தரியில் பளபளப்பு குறையும் முன், காம்பு பச்சையாக இருக்கும்போதே பறிக்கவும். தக்காளியைத் தூரத்துச் சந்தைக்குச் செங்காயாகப் பறிப்பது சரி. மறுநாள் உள்ளூரில் விற்க, செடியிலேயே நன்றாக நிறம் ஏறியதைப் பறிக்கலாம். இந்தச் சுவையை வெளியூரிலிருந்து லாரியில் வரும் தக்காளி தர முடியாது. உங்கள் பலமே அதுதான்.

வெயில் தணிந்த மாலையில் காய்களையும், விடியற்காலையில் கீரையையும் பறிக்கவும். பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். மூட்டை கட்டினால் அடிக்காய் நசுங்கும். பிளாஸ்டிக் பெட்டி நல்லது. கீரையை ஈரச் சாக்கால் மூடி எடுத்து வரலாம்.

சந்தைக்கு வரும் முன் வீட்டிலேயே தரம் பிரித்துவிடுங்கள். பலகையில் ஒரே விலைதான் எழுதியிருக்கும். சொத்தையும் முற்றலும் கலந்திருந்தால், ஒவ்வொருவரும் குவியலைக் கிளறிக் கிளறிப் பொறுக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது அடிபட்ட காய். பிரித்து வைத்திருப்பவரிடம் யாரும் கிளறுவதில்லை.

மாலையில் பறித்ததைக் காலை வரை காக்கவும், ஒருநாள் மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கவும் மின்சாரம் இல்லாத குளிர் அறை ஒன்று உண்டு. புதுடெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. செங்கல்லால் தொட்டி போல இரட்டைச் சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். காலை, மாலை மணலை நனைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு மூடினால் போதும். மரத்தடியிலோ கூரையின் கீழோ அமைத்தால், கோடையில் உள்ளே வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை வெப்பம் குறையும்.

மருந்து அடித்தால் காத்திருங்கள்

வெண்டை, கத்தரி, தக்காளி போன்றவை விட்டு விட்டுப் பறிக்கும் பயிர்கள். மருந்து அடித்த மறுநாளே பறித்தால் விஷம் நேராக அடுத்தவர் அடுப்புக்குப் போகும். ஒவ்வொரு மருந்தின் லேபிளிலும் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்று இருக்கும். பறிப்பை முடித்துவிட்டு மருந்து அடியுங்கள். அந்த நாள் கழியும் வரை அந்த வயலில் பறிக்காதீர்கள். பூச்சி குறைவாக இருக்கும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலில் தொடங்கலாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு என்பது அளவு.

மாம்பழக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை, முறையான அறையில் பயன்படுத்த அனுமதி உண்டு. சிறு அளவில் விற்பவருக்கு முற்றிய காயை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைப்பதே போதும். வாசனையே விளம்பரம்.

அட்டையை இரவல் கொடுக்காதீர்கள்

உழவர் சந்தைக்குப் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை. விவசாயியின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு வியாபாரி உள்ளே வருவதுதான் ஆபத்து. நாளைக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கிறதே என்று அட்டையைக் கொடுப்பவர், தன் பக்கத்துக் கடை விவசாயியின் வயிற்றில் அடிக்கிறார். மண்டியில் வாங்கிய பழைய காய் அங்கே வந்து விழுந்தால், வாங்குபவர் கண்ணுக்கு எல்லாக் கடையும் ஒன்றாகிவிடும். பிறகு வீட்டு வாசலுக்கு வரும் வண்டியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றுவிடுவார்.

இதைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. நங்கவள்ளி பக்கத்து மேட்டு நிலத்துக்கு அட்டை வாங்கியவர் கடையில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் குவிந்திருந்தால், காயே கதை சொல்லிவிடும். கள அலுவலர்கள் அட்டை கொடுக்கும்போது மட்டும் வயலைப் பார்த்தால் போதாது. பருவம் மாறும்போதெல்லாம் இன்னார் நிலத்தில் இப்போது என்ன காய்ப்பில் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருந்தால், காலையில் கடையைச் சுற்றி வரும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அட்டை இல்லாத விவசாயிகள் அருகில் உள்ள உழவர் சந்தை அலுவலகத்தில் கேட்கலாம். சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றுடன், கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் தேவைப்படும். அலுவலர்கள் வயலைப் பார்த்த பின் அட்டை தருவார்கள். சாகுபடியில் சந்தேகம் இருந்தால் சேலம் மாவட்ட விவசாயிகள் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

முதல் நாளே 40 கிலோ கொண்டு போக வேண்டாம். ஐந்து வகையில் மூன்று மூன்று கிலோ பறித்து, தரம் பிரித்து, ஒரு வாரம் கடை போட்டுப் பாருங்கள். எது முதலில் தீர்கிறது, எது மிஞ்சுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு எந்தப் பாத்தியில் என்ன விதைப்பது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.