முழங்காலில் முடியும் கனவுகள்

2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் தாய்லாந்தை 4-1 என்ற கோல் கணக்கில் இந்தியா வென்றது. மாற்று வீரராகக் களமிறங்கி நான்காவது கோலை அடித்தவர் மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா. சென்னையின் எஃப்.சி. அணி 2015-லும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றபோது அதில் ஆடியவர் என்பதால், தமிழக ரசிகர்களுக்கு நெருக்கமானவர். இந்தியாவுக்காக 23 கோல்கள் அடித்த அவருக்கு அப்போது 28 வயது நிறையவில்லை.

அதே ஆண்டில் அவர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. 2019-20 பருவம் முழுவதும் ஆட இயலவில்லை. பின்னர் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்து மீண்டும் களம் கண்டபோதும் பழைய ஆட்டம் கைகூடவில்லை. இந்திய அணிக்கும் திரும்பவில்லை. 2023-இல் அவர் மிசோரம் சட்டப்பேரவை உறுப்பினரானார்.

உலகக் கால்பந்து வரலாற்றிலும் இத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வென்ற நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன், கணுக்கால் காயத்தால் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது 1993-இல்; அப்போது வயது 28. பிரேசிலின் ரொனால்டோ 1999 நவம்பரில் முழங்காலில் காயமுற்றார். 2000 ஏப்ரலில் களத்துக்குத் திரும்பிய சில நிமிஷங்களிலேயே அதே முழங்காலில் தசைநாண் முற்றிலும் அறுந்தது. அதன் பிறகு நீண்ட காலம் பொறுமையாகச் சிகிச்சை பெற்ற பின்னரே, 2002 உலகக் கோப்பையில் 8 கோல்கள் அடித்து நாட்டுக்குக் கோப்பையைப் பெற்றுத்தர அவரால் முடிந்தது.

காயம் எவ்வளவு பெரியது என்பது மட்டுமல்ல, காயத்துக்குப் பிந்தைய மாதங்களில் என்ன கிடைக்கிறது என்பதும் ஒருவரின் ஆட்ட வாழ்வைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, கால்பந்து வீரர்கள் மிகவும் அஞ்சும் காயத்தைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று மைதானங்களில் சொல்லப்படுவது, பெரும்பாலும் 'ஏ.சி.எல்.' எனப்படும் முழங்காலின் முன் குறுக்குத் தசைநாரில் ஏற்படும் கிழிசலைத்தான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் இணைத்து, கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. எதிரணி வீரர் நேராக முழங்காலில் மோதுவதால்தான் இது கிழிகிறது என்பதில்லை. வேகமாக ஓடும்போது சட்டெனத் திசை மாறுவது, எம்பிக் குதித்துத் தவறாகக் காலூன்றுவது ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. பெண்களுக்கு இக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட இரு மடங்குக்கும் அதிகம்.

முற்றிலும் கிழிந்த இந்தத் தசைநார் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. மீண்டும் போட்டிகளில் ஆட விரும்புவோருக்கு, உடலின் வேறோரிடத்திலிருந்து தசைநாணின் ஒரு பகுதியை எடுத்து அவ்விடத்தில் பொருத்துகிறார்கள். அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் புதிய தசைநார் வலுப்பெறவும், மெலிந்துபோன தொடைத் தசை பழைய நிலையை அடையவும் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பல மாதப் பயிற்சி தேவை. ஒன்பது மாதங்களுக்கு முன்பே போட்டிக்குத் திரும்புவோருக்கு மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம் என ஆய்வுகள் கூறுகின்றன.

அந்த ஒன்பது மாதங்களுக்கு யார் பொறுப்பு? பெரிய கிளப்புகளின் வீரர்களுக்கு ஒப்பந்தம், ஊதியம், மருத்துவக் குழு ஆகியவை இருக்கின்றன. தேசிய அணிக்காக ஆடும்போது வீரர் காயமுற்று 28 நாள்களுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அவருடைய ஊதியத்துக்காகக் கிளப்புக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ வரை ஈடு வழங்கும் திட்டத்தை ஃபிஃபா 2012-இல் தொடங்கியது.

தென்காசி மாவட்டத்தின் கடையம் போன்ற ஊரில், பள்ளி அணிக்காக ஆடும் மாணவனுக்கு அதே காயம் ஏற்பட்டால் என்ன ஆகும்? முழங்கால் வீங்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறியவில்லை என்று தெரியும். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது என்பது வீட்டாருக்குத் தெரியாது. எண்ணெய்க் கட்டுப் போடுவார்கள். சில வாரங்களில் வீக்கம் வற்றிவிடும். குணமாகிவிட்டது என்று நம்பி அவனும் ஆடப் போவான். ஒரு திருப்பத்தில் கால் மடங்கும். இப்படி ஒவ்வொரு முறை மடங்கும்போதும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்குச் சேதம் கூடுகிறது. ஆட்டம் போவதோடு நிற்காமல், நடுத்தர வயதிலேயே மூட்டுத் தேய்மானமும் வரக்கூடும்.

அறுவை சிகிச்சை நடந்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தாய் பீடி சுற்றியும் தந்தை வயல்வேலை பார்த்தும் நடத்தும் குடும்பத்தில், இயன்முறை சிகிச்சைக்காக வாரம் இரண்டு மூன்று முறை பிள்ளையைத் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ அழைத்துச் செல்வது என்றால், ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியின் இழப்பு. வலி குறைந்ததும் பயணம் நின்றுவிடும்.

மாநகரங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2022 நவம்பரில் சென்னையில், கால்பந்து வீராங்கனையான 17 வயதுக் கல்லூரி மாணவி, முழங்கால் சவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால் அகற்றப்பட்டு, உயிரையும் இழந்தார். அறுவைக்குப் பின் இறுக்கமாகக் கட்டப்பட்ட கட்டை உரிய நேரத்தில் கவனிக்காததே காரணம் எனக் கூறப்பட்டு, இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அறுவை சிகிச்சையை அஞ்ச வேண்டும் என்பதல்ல இதன் பாடம்; அதற்குப் பிந்தைய கண்காணிப்பும் சிகிச்சையின் பகுதியே என்பதுதான்.

செய்யக்கூடியவை பல, அவற்றில் சிலவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்னும் தயார்ப்படுத்தும் பயிற்சி சுமார் 20 நிமிஷங்களே எடுக்கும். ஒரு பந்தும் சிறிது இடமும் போதும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான வீராங்கனைகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், இதனைப் பின்பற்றிய அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவருக்கும் இதனைக் கற்பிக்க ஓரிரு நாள் பயிற்சி போதுமானது.

முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளை அரசு பெரிய அளவில் நடத்துகிறது. விளையாட்டு வீரர்களுக்கு உதவத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-இல் தொடங்கப்பட்டது. பதக்கத்துக்கும் பயணத்துக்கும் நீளும் இந்தக் கரம் காயத்துக்கும் நீள வேண்டும். போட்டியில் பதிவு செய்யும் ஒவ்வொரு மாணவருக்கும், அறுவை சிகிச்சையோடு நில்லாமல் ஒன்பது மாத இயன்முறை சிகிச்சையையும் பயணச் செலவையும் உள்ளடக்கிய காப்பீடு வேண்டும். வட்டார அளவில் அரசு மருத்துவமனைகளில், வாரத்தில் ஒரு நாளாவது விளையாட்டுக் காயங்களை அறிந்த இயன்முறை மருத்துவர் இருக்க வேண்டும். அப்போது கடையத்து மாணவன் தன் சிகிச்சையைப் பாதியில் விட நேராது.

ஜேஜே ஆடிய ஆட்டங்கள் பதிவில் இருக்கின்றன. அவர் இழந்தது என்ன என்று நம்மால் கணக்கிட முடிகிறது. பதினாறு வயதில் பள்ளி மைதானத்தில் விழுந்து, பிறகு ஆடவே வராத மாணவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்வதிலிருந்துதான் கால்பந்து வளர்ச்சித் திட்டங்கள் தொடங்க வேண்டும்.